இதுல யாரு இல்ல

அன்று காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பொதுச் சூளையிலிருந்து சரக்கு அடுக்கிய வண்டி வெளியே வந்தது. அதில் இருந்த, சிறு கம்பெனி நடத்தும் ஜம்புலிங்கத்தின் டீக் கோப்பைகள் வெள்ளையாக வந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இளஞ்சிவப்பாக வந்திருந்தன.

2. ஜம்புலிங்கம் ஒரு கோப்பையை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார். அப்போதும் போகவில்லை.

3. அதே வண்டியில், கோப்பைகளுக்கு எதிர்வரிசையில், எங்கள் அலங்காரப் பிரிவின் பொம்மைகள் இருந்தன. அவை நினைத்தபடியே நல்ல பழுப்பாக வந்திருந்தன.

4. பொம்மைகளைப் பார்த்தபடி இருந்த பக்கம்தான் கோப்பைகளில் சிவந்திருந்தது. இதை நான் கவனித்து வாயைத் திறப்பதற்குள் ஜம்புலிங்கமும் கவனித்துவிட்டார்.

5. "பொம்மைலேர்ந்து ஒட்டிக்கிச்சு" என்றார். பின்னாலிருந்து யாரோ, "தீட்டு ஒட்டின மாதிரி" என்றார்கள். மண் சுமக்கும் மண் கொட்டகைப் பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

6. டீச்சர் வேகமாக வந்தார். ஒரு கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அழகாத்தான இருக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

7. சாயங்காலம் சூளைக் கூட்டம் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு சாயங்காலம் வரை டீச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது பீங்கான் தொழில் படிப்பை முடித்துவிட்டு விருத்தாசலத்தில் இந்த அரசு பீங்கான் மையத்தின் சோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மண்ணைச் சலித்துப் பார்ப்பது, கிளேஸ் என்கிற பளபளப்பு மேல்பூச்சுக் கலப்பது, சின்ன மின்சார உலையில் சோதனைச் சில்லுகளைச் சுட்டுப் பார்ப்பது என் வேலை. சுற்றியிருக்கும் சிறு கம்பெனிகள் தங்கள் சுடாத பச்சைச் சரக்கைக் கொண்டுவந்து ஒரே சூளையில் சுட்டுக்கொள்வார்கள். ஒரு வண்டியில் கோப்பை, மின்சார பீஸ்கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் அக்கம்பக்கமாகப் போகும். யாருடைய சரக்கு யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அன்றுவரை யாரும் கேட்டதில்லை.

டீச்சர் என்றால் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டக் கற்றுக்கொடுக்கும் அலங்காரப் பிரிவு ஆசிரியை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருவார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மையத்தில் எல்லோரும் டீச்சர் என்றுதான் சொன்னோம். நல்ல சிவப்பு. வெயிலில் நடந்து வந்தால் காதுமடல் ரோஜாப்பூ மாதிரி ஆகிவிடும். தற்காலிக வேலை. ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பு உத்தரவு வந்தால்தான் அடுத்த வருஷம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்த மேடையைப் பார்த்தாலும், நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், "இதுல யாரு இல்ல?" என்று கேட்பார். கேட்காமல் இருக்க அவரால் முடியாது. கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. கேட்ட மறு நிமிஷம் புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்துவிடுவார். பிறகு சோதனை அறைக்கு வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, "ஏம்மா, நான் கேட்டது தப்பா? அவரு மொகம் மாறிச்சா? நீ பாத்தியா?" என்று என்னைக் குடைவார். தைரியசாலி என்று அவரைச் சொல்ல மாட்டேன். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்டவர்.

மையத்தின் ஆண்டு விழா நாடகத்தில் பெண் வேஷத்துக்கு எப்போதும் பேக்கிங் பிரிவு கோவிந்தன்தான். மீசையை எடுக்க மாட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டே மூன்று காட்சியும் அழுது முடித்துவிடுவார். ஒத்திகை பார்க்க வந்த டீச்சர், "இதுல யாரு இல்ல?" என்றார். பாடப் புத்தகம் மாதிரி மேனேஜர் நடிகர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். டீச்சர் பின்னால் நின்றிருந்த அறுபது எழுபது பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் மண் கொட்டகைப் பெண்கள் கும்மி அடித்தார்கள். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். அவர்கள் பீடி பிடிக்கப் போனார்களா, கோபித்துக்கொண்டு போனார்களா என்று டீச்சர் என்னிடம் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தனுக்கு மட்டும் சந்தோஷம். "அப்பாடா, இனிமே எம் பொண்டாட்டி புடவையக் கேட்டு நிக்க வேணாம்" என்றார்.

இன்னொரு தடவை நவராத்திரிக்கு மேனேஜர் வீட்டம்மா எங்களை வெற்றிலை பாக்குக்குக் கூப்பிட்டார். படிக்கட்டு கொள்ளாத கொலு. பாதிப் பொம்மைகள் எங்கள் மையத்தில் செய்தவை. நான் உள்ளே நுழையும்போதே மனத்துக்குள், வேண்டாம் டீச்சர், இங்கே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். அவர் படிகளை மேலிருந்து கீழே பார்த்தார். தலைப்பு நுனி விரலுக்குப் போனது.

"இதுல யாரு இல்லங்க?"

அந்த அம்மா பதறிவிட்டார். "எல்லாரும் இருக்காங்களே டீச்சர். பிள்ளையாரு இருக்காரு. தசாவதாரம் பத்தும் இருக்குது. செட்டியாரு கூட கடையோட இருக்காரு. எதனா வுட்டுப்போச்சா?"

"உங்க வூட்டுக்குத் தண்ணி தூக்கிட்டு வர்றாங்களே, அந்தம்மா."

அந்த அம்மா இரண்டு கரண்டி சுண்டல் கூடப் போட்டார். வெளியே வந்ததும் டீச்சர், "கோச்சிக்கிட்டு இருந்தா சுண்டல் போடுவாங்களா?" என்று கேட்டார். ரயில்வே கேட் வரை அதே பேச்சு.

அந்தக் கேள்வியிலிருந்துதான் சூளை செட் வந்தது. சென்னையில் நடக்கும் பொருட்காட்சிக்குப் புதிதாக ஒரு கொலு செட் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். மேனேஜர் கல்யாண செட் போதும் என்றார். டீச்சர், நம்மையே செய்யலாமே என்றார். மண் மிதிப்பவர், மண் சுமக்கும் பெண்கள், அச்சில் மண்குழம்பு ஊற்றுபவர், வண்டி அடுக்குபவர், வர்ணம் தீட்டுபவர். மேனேஜருக்கு அது பிடித்துப் போனது. தன் பொம்மைக்குக் கோட் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பொம்மை பிரச்சினை இல்லை. நிறம்தான் பிரச்சினை. அலங்காரப் பிரிவில் ஒரு டப்பா இருந்தது. மேலே 'சதை நிறம்' என்று சீட்டு ஒட்டியிருக்கும். திறந்தால் உள்ளே ரோஸ் கலர். ராமருக்கும் அதுதான், செட்டியாருக்கும் அதுதான், குறத்திக்கும் அதுதான். டீச்சர் அந்த டப்பாவோடு சோதனை அறைக்கு வந்து, என் கையைப் பிடித்து மேஜைமேல் நீட்டி, டப்பாவைப் பக்கத்தில் வைத்தார்.

"இது யாரு சதைம்மா?"

நான் மாநிறம். என் கையைப் பார்த்துக்கொண்டே பழுப்புக்கான சில்லுகளைப் போட்டேன். இரும்பு சேர்த்தது, மாங்கனீஸ் சேர்த்தது, குரோமியம் சேர்த்தது என்று வரிசையாக. குரோமியம் சேர்த்ததுதான் சின்ன உலையில் பளிச்சென்று வந்தது. டீச்சர் அதைத்தான் எடுத்தார். அந்த உலையில் அது தனியாக இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் எதுவும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் கூட்டம் மேனேஜர் அறையில். ஜம்புலிங்கம் கோப்பைகளை மேஜைமேல் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

"நான் உங்க பொம்மைக்கு எதிரி இல்லீங்க டீச்சர். எனக்குக் கப்பு வெள்ளையா வேணும். ரோஸ் கப்ப எந்த டீக்கடைக்காரன் வாங்குவான்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து சொன்னேன். குரோமியம் அதிகச் சூட்டில் கொஞ்சம் ஆவியாகும். பக்கத்தில் இருக்கும் வெள்ளை கிளேஸில் வெள்ளீயம் இருந்தால் அதன்மேல் போய் உட்காரும். உட்கார்ந்தால் இளஞ்சிவப்பு. புத்தகத்தில் இருப்பதுதான். தீட்டு இல்லை.

"ஆவிங்கறியேம்மா, அது இன்னும் மோசமால்ல இருக்குது" என்றார் ஜம்புலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"எங்க பொம்மைலேர்ந்துதாங்க போச்சு" என்றார். "நெறம் போச்சு. வேற ஒண்ணும் போகல. காலையில ஒரு வார்த்த சொன்னாங்களே, அதச் சொன்னவங்க யாருன்னு நான் கேக்க மாட்டேன். மண் கொட்டகையில கேட்டுக்கிட்டுத்தான் நின்னாங்க."

ஜம்புலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னது அவர் இல்லை. ஆனாலும் குனிந்துகொண்டார்.

மேனேஜர் சுருக்கமாக முடித்தார். பழைய ரோஸே போடுங்கள், வம்பு வேண்டாம் என்றார். டீச்சர் இன்னும் ஒரு தடவை கேட்டார். குரோமியம் இல்லாத பழுப்பு, இரும்பும் மாங்கனீஸும் மட்டும். ஒரே ஒரு வண்டி.

"இந்தத் தடவ எதனா ஆச்சின்னா, உங்க நீட்டிப்பு ஃபைல என்னால மேல அனுப்ப முடியாது டீச்சர். வெளிப்படையாச் சொல்லிட்டேன்."

"சரிங்க."

வெளியே வந்து, "நான் சரின்னா சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த செட்டுக்கு வர்ணம் தீட்டத் தொடங்கிய நாள்தான் எனக்கு இன்றுவரை அதிகமாக நினைவுக்கு வருகிறது. மண் சுமக்கும் பொம்மைக்கு அஞ்சலையைத்தான் மாதிரியாக வைத்திருந்தார் டீச்சர். அஞ்சலை மண் கொட்டகையில் மூத்தவள். கூடையை இறக்காமலே சண்டை போடக்கூடியவள். அவளை முக்காலியில் உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, சில்லுகளை ஒவ்வொன்றாகக் கைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு அஞ்சல."

"பொம்மையிலயாவது நான் செவப்பா இருந்துட்டுப் போறனே."

வர்ணம் தீட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

"உங்களுக்கு என்னா டீச்சர். சந்தனக் கட்டையாட்டம் இருக்கீங்க. கறுப்ப எடுத்துக் கையில வெச்சிக்கிட்டு அழகு பாக்கறீங்க. போன மாசம் எம் பொண்ணப் பாக்க பக்கத்து ஊருலேர்ந்து வந்தாங்க. பொண்ணு கறுப்புன்னு சொல்லிட்டு, போட்ட காப்பியக் கூட குடிக்காம போனாங்க. அந்தக் கறுப்ப மெட்ராஸுக்கு வேற அனுப்பிக் காட்டணுமா? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா நீங்க?"

டீச்சர் கையில் சில்லு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலப் பார்த்தார். எல்லாவற்றையும் பார்த்து யார் இல்லை என்று கேட்டவர், இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அன்று என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் போகும்போது "வரேன்" என்றும் சொல்லவில்லை. நாளை வருவாரா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் வந்தார். கண் வீங்கியிருந்தது. சோதனைச் சில்லுகள் எல்லாவற்றையும், பழைய ரோஸிலிருந்து அடுப்புக்கரி வரை, நீள மேஜையில் பரப்பச் சொன்னார். செட்டில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டார்.

"அவங்கவங்க பொம்மைக்கு அவங்கவங்களே நெறம் எடுத்துக்குங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

எல்லோரும் ரோஸை எடுத்துவிட்டால் இத்தனை பாடும் எதற்கு? நீட்டிப்பு ஃபைலைப் பணயம் வைத்தது எதற்கு? டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தலைப்பு விரலில் இறுகச் சுற்றியிருந்தது.

பெரும்பாலும் எல்லோரும் தங்கள் கையைவிட ஒன்றிரண்டு படி வெளுத்த பழுப்பை எடுத்தார்கள். வண்டி அடுக்கும் ஆறுமுகம் மட்டும் கையை வைத்துச் சரிபார்த்து அச்சாகத் தன் நிறத்தையே எடுத்தார். "அப்புறம் எம் புள்ள, இது எங்கப்பன் இல்லன்னுட்டா?" என்றார். மேனேஜர் ரோஸ். அஞ்சலை நெடுநேரம் நின்று பார்த்தாள். கடைசியில் அவளும் பழைய ரோஸைத்தான் எடுத்தாள்.

பிறகு செட்டை எண்ணிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து தூரிகை பிடித்திருக்கும் பொம்மைக்கு முன்னால் மட்டும் சில்லு இல்லை.

"இது யாரு? டீச்சரா? இதுக்கு யாரு எடுத்தாங்க?"

யாரும் எடுக்கவில்லை.

"நான் எடுக்கறேன். அவங்க எனக்கு எடுத்தாங்க இல்ல?" என்று சொல்லி, தன் முழங்கையை மேஜைமேல் ஊன்றி, ஒவ்வொரு சில்லாக வைத்துப் பார்த்து, தன் கையில் வைத்தால் தோலோடு கலந்து காணாமல் போகிற சில்லாகத் தேடி எடுத்தாள். "இந்தாங்க. இதான் டீச்சரு."

டீச்சர் ஜன்னலிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்தார். அவர் சிரிக்கப் போகிறாரா அழப் போகிறாரா என்று சொல்ல முடியாமல் இருந்தது. "நல்லாருக்குது" என்றார். முதன்முதலாக, வேறு எதையும் கேட்பதற்கு முன்னால் சொன்ன "நல்லாருக்குது."

அந்த வண்டி சூளைக்குள் போய் வெளியே வரும் வரை டீச்சரும் நானும் சூளைக்குப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரும்புப் பழுப்பு சூட்டைப் பொறுத்துக் கறுத்துவிடும், பச்சை தட்டிவிடும், கொப்பளிக்கும். கோப்பைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் போன தடவையும் எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஜம்புலிங்கம் தன் கோப்பைகளை வேண்டுமென்றே பொம்மைகளுக்கு நேர் எதிரே அடுக்கச் சொன்னார். "பாத்துடுவம்" என்றார். நாங்கள் இருவரும் அதை மிரட்டலாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

கோப்பைகள் வெள்ளையாக வந்தன. பழுப்பு கொஞ்சம் திட்டுத் திட்டாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஜம்புலிங்கம் கோப்பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே எங்க வேணா வெச்சிக்குங்க டீச்சர்" என்றார்.

பொருட்காட்சிக்கு டீச்சரும் நானும் செட்டோடு போனோம். திறப்புக்கு முன்னால் மேலதிகாரி ஒருவர் சுற்றிப் பார்க்க வந்தார். நன்றாக இருக்கிறது, புதுமையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நாற்காலிப் பொம்மையிடம் நின்றார்.

"இந்தப் பொம்பள மண் தூக்கறவங்கதான? நாற்காலியில ஒக்கார வெச்சிருக்கீங்க. அங்க செவப்பா ஒண்ணு கூடையோட நிக்குது. ரெண்டும் மாறிப்போச்சு போலருக்குதே."

டீச்சரின் விரல் தலைப்பைத் தேடியது. அது இடுப்பில் செருகியிருந்தது. கிடைக்கவில்லை.

"மாறலீங்க. அது நான்."

அவர் பொம்மையைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மறுபடி பொம்மையைப் பார்த்தார். "நீங்க செவப்பா இருக்கீங்களேம்மா."

"ஆமாங்க."

அதிகாரி, பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும், அந்த ஒன்றை மட்டும் பின்னால் தள்ளி வையுங்கள் என்றார். டீச்சர் தள்ளவில்லை. என்னையும் தள்ளவிடவில்லை. அதிகாரி அடுத்த கடைக்குப் போனதும் டீச்சர் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டார். "ஏம்மா, அவரு மொகம் மாறிச்சா?" என்றார். மாறியது. நான் ஆமாம் என்றேன்.

அந்த வருஷம் நீட்டிப்பு வரவில்லை. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஃபைலைத் தான் அனுப்பியதாக மேனேஜர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். கடைசி நாள் டீச்சர் பஸ்ஸுக்குப் போகும்போது அஞ்சலை கூடையோடு கேட் வரை போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. சண்டை போடுகிற மாதிரிதான் தூரத்திலிருந்து இருந்தது.

இப்போது உள்ள நிலை:

அலங்காரப் பிரிவு டப்பாவில் 'சதை நிறம்' சீட்டு இல்லை. கிழித்துவிட்டு 'ரோஸ்' என்று நான் எழுதி ஒட்டியிருக்கிறேன். பழுப்பு டப்பாவில் 'பழுப்பு' என்று இருக்கிறது. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கலக்கிறோம். இந்த வருஷம் ஜம்புலிங்கம் தன் வீட்டுக் கொலுவுக்கு ஒரு செட் கேட்டு வாங்கினார். வேறு யாரும் கேட்கவில்லை. அஞ்சலையின் மகளுக்குத் திட்டக்குடியில் கல்யாணம் ஆகிவிட்டது. சூளை செட் காட்சி அலமாரியில் இருக்கிறது. அஞ்சலை சிவப்பாகக் கூடையோடு நிற்கிறாள். டீச்சர் கறுப்பாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.